நான்கு சக்கரக் குதிரைக்கும் கடிவாளம் வேண்டும்

மேடு பள்ளமான பாதையில் மாட்டு வண்டி குலுங்கினால், அந்தக் காலத்தில் வண்டிக்காரரைத் திட்டுவார்கள். "இடுப்பு ஒடிந்து விட்டது" என்று புலம்புவார்கள்.

இன்று காலம் மாறி விட்டது. குலுங்குவதற்கென்றே காசு கொடுக்கிறார்கள்!

நான்கு தடித்த சக்கரங்கள். நடுவில் குதிரைச் சேணம் போன்ற இருக்கை. பிடித்துக் கொள்ள மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற கைப்பிடி. இதன் பெயர் குவாட் பைக். ஏ.டி.வி. என்றும் சொல்வார்கள். தார்ச் சாலையில் ஓடுவதற்காக இது செய்யப்படவில்லை. சேறு, மணல், கல், மேடு, ஓடை இவற்றின் மீது ஓடுவதற்காகவே செய்யப்பட்டது.

வெப்ப நாடுகளில் சுற்றுலாப் பயணிகளை இந்த வண்டியில் ஏற்றி, கிராமப்புறத்தைச் சுற்றிக் காட்டுவது பெரிய தொழிலாக வளர்ந்து இருக்கிறது. இந்தோனேசியாவில் பாலித் தீவு இருக்கிறது. அங்கு உபுத் என்ற ஊரைச் சுற்றிலும் இந்த வண்டிகள் ஓடுகின்றன. முன்னால் ஒரு வழிகாட்டி போவார். பின்னால் வரிசையாகப் பயணிகள் போவார்கள். நெல் வயல், மூங்கில் தோப்பு, ஓடை, கிராமம் எல்லாவற்றையும் பார்த்து விட்டுத் திரும்புவார்கள்.

இந்தியாவிலும் இந்த வண்டி வந்து விட்டது. கோவாவில் ஓடுகிறது. தமிழ்நாட்டின் சுற்றுலா ஊர்களிலும் வேலி கட்டிய மைதானங்களில் ஓடுகிறது. மைதானத்தை விட்டு வெளியே வந்து, கிராமத்துக்குள் நுழைவதுதான் அடுத்த கட்டம்.

அந்த நாள் வருவதற்கு முன்பே யோசிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

மொரப்பூரை எடுத்துக் கொள்வோம்

தர்மபுரி மாவட்டத்தில் உள்ள மொரப்பூர், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள ரயில் நிலையம். அரூருக்குப் போகிறவர்களும், தீர்த்தமலைக்குப் போகிறவர்களும் இங்கு இறங்கி பஸ் ஏறுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு மொரப்பூர் என்றால், இறங்கி வண்டி மாறும் ஊர். அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் இங்கு இறங்கி இன்னொரு ரயிலிலேயே ஏறலாம். மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு 1906-ம் ஆண்டில் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு இடையே 2½ அடிதான் அகலம். பஞ்சம் வந்தால் மக்களுக்குத் தானியம் கொண்டு போக வேண்டும் என்பதற்காகப் போட்ட பாதை அது. 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் அந்தப் பாதை மூடப்பட்டு, பெயர்த்து எடுக்கப்பட்டது. மொரப்பூர்–தர்மபுரி புதிய அகல ரயில் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

பஞ்சத்துக்காக ரயில் போட்ட சீமை இது என்பதை மறக்கக் கூடாது. இங்கு வானம் பார்த்த பூமி அதிகம். கேழ்வரகு, சாமை, மரவள்ளி, மா, புளி இவைதான் இந்த மண்ணின் செல்வம். கோடையில் பூமி காய்ந்து கிடக்கும். இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போவார்கள்.

ஆனால் கண்ணுக்கு அழகான பூமி! எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்று தெரியும். மாந்தோப்பு தெரியும். செம்மண் பாதை வளைந்து வளைந்து போகும். குவாட் பைக் ஓட்டுகிறவர்கள் தேடி அலைவது இப்படிப்பட்ட இடத்தைத்தான். சென்னையில் இருந்தும் கோவையில் இருந்தும் ரயிலில் வந்து இறங்கலாம்.

இப்படி ஒரு சுற்றுலா இங்கு வந்தால் நல்லதா? கெட்டதா?

நல்லதாக்கவும் முடியும். கெட்டதாக்கவும் முடியும். முதல் வண்டி வருவதற்கு முன்னால் ஊர் என்ன ஏற்பாடு செய்கிறது என்பதைப் பொறுத்தது அது.

விளையாட்டுச் சாமான் அல்ல

குவாட் பைக்கைப் பார்த்தால் குழந்தைக்கும் ஆசை வரும். நான்கு சக்கரம் இருப்பதால், கீழே விழாது என்று தோன்றும்.

இது பெரிய ஏமாற்றம். அதன் கதையைக் கேட்டால் புரியும்.

ஜப்பானில் உள்ள ஹோண்டா கம்பெனி, 1970-ல் மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பலூன் போன்ற பெரிய டயர்கள் அதற்கு உண்டு. பனிக் காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் அமெரிக்க வியாபாரிகள் திண்டாடினார்கள். அவர்களுக்காகச் செய்த வண்டி அது. பனியிலும் மணலிலும் ஓடியது. அமோகமாக விற்றது.

கூடவே விபத்துகளும் பெருகின. குழந்தைகள் பலர் மாண்டார்கள். 1988-ல் அமெரிக்க அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அதோடு நின்றது. அதற்குள் நான்கு சக்கர வண்டி வந்து விட்டது. அதுதான் இன்றைய குவாட் பைக்.

நான்கு சக்கரம் வந்தும் ஆபத்து தீர்ந்து விடவில்லை. அமெரிக்காவில் இன்றும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்கள் இந்த வண்டியால் உயிர் இழக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஆடு மாடு மேய்க்கும் பண்ணைகளில் இதை அதிகமாக ஓட்டுகிறார்கள். அங்கும் சாவுகள் தொடர்ந்தன. 2019-ல் அந்த நாட்டு அரசாங்கம் கடுமையான விதிகளைக் கொண்டு வந்தது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுக்காமல் தடுக்க ஒரு பாதுகாப்புச் சட்டம் வேண்டும். பண்ணை வேலைக்கு விற்கும் புதிய குவாட் பைக்குகளில் 2021 அக்டோபரில் இருந்து அது கட்டாயம் என்று உத்தரவு போட்டது.

ஏன் கவிழ்கிறது?

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்குக் காரில் ஒரு அமைப்பு இருக்கிறது. குவாட் பைக்குகள் பலவற்றில் பின் சக்கரங்களுக்கு அந்த அமைப்பு கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆகவே கைப்பிடியை மட்டும் திருப்பினால் போதாது. வேகத்தைக் குறைத்து, உடம்பையும் திரும்பும் பக்கமாகச் சாய்க்க வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தவரும் முதலில் தடுமாறுவார். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரும் தடுமாறுவார்.

வண்டி உயரமானது. அகலம் குறைவு. சரிவில் குறுக்கே போனால் உருண்டு விடும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது வேகத்தைக் கூட்டினால், முன்பக்கம் தூக்கிக் கொண்டு பின்னால் கவிழும்.

மோட்டார் சைக்கிள் சாய்ந்தால் பெரும்பாலும் ஆள் தனியாக விழுவார். இந்த வண்டியோ ஆளின் மேலேயே விழக்கூடும். பெரியவர்கள் ஓட்டும் வண்டிகள் பல 200 கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. இரண்டு பெரிய நெல் மூட்டைகளுக்கு மேல் நெஞ்சில் விழுந்தால் என்ன ஆகும்?

ஆகவேதான், 16 வயது ஆகாதவர்கள் பெரியவர்களின் வண்டியை ஓட்டவே கூடாது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டியில் இன்னொருவரை ஏற்றவும் கூடாது.

இங்கு நடப்பது என்ன? அப்பா ஓட்டுவார். மகனை முன்னால் உட்கார வைத்துக் கொள்வார். அம்மா பின்னால் ஏறிக் கொள்வார். உறவினர் போட்டோ எடுப்பார். பாசத்தினால் செய்கிற காரியம்தான். ஆனால் பாசம் எடையைக் குறைக்காது!

ஒகேனக்கல் கற்றுத் தந்த பாடம்

ஆபத்தான இன்பத்தை எப்படி நடத்துவது என்பது தர்மபுரி மாவட்டத்துக்குப் புதிது அல்ல. அதைக் கற்றுக் கொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டியது இல்லை. ஒகேனக்கல்லுக்குப் போனால் போதும்.

காவிரியில் பாறைகளுக்கு நடுவே பரிசல் போகிறது. மூங்கிலால் முடைந்த வட்டமான ஓடம் அது. அதில் ஏறாமல் திரும்புகிற குடும்பங்கள் குறைவு. ஏன் பயப்படாமல் ஏறுகிறார்கள்? துடுப்புப் போடுகிறவர் அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர். எங்கே சுழல், எங்கே பாறை, எங்கே ஆழம் என்பது அவருக்குக் கைரேகை மாதிரி தெரியும்.

அதுமட்டும் போதும் என்று இருந்து விடவில்லை. பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போன துயரத்தை, 2015-ல் ஒகேனக்கல் பார்த்து இருக்கிறது. இன்று பாதுகாப்பு உடை போட வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். ஒரு பரிசலில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. காவிரியில் தண்ணீர் பெருகினால், பரிசல் ஓட்ட மாவட்ட ஆட்சித் தலைவர் தடை போட்டு விடுகிறார். எவ்வளவு கூட்டம் வந்து நின்றாலும் பரிசல் கரையில்தான் இருக்கும்.

இதனால் பரிசல் தொழில் அழிந்து விட்டதா? இல்லை. தண்ணீர் இறங்கியதும் கூட்டம் மறுபடியும் வருகிறது. நம்பிக்கை இருப்பதால் வருகிறது.

விதி போட்டால் வியாபாரம் படுத்து விடும் என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆற்றுக்குப் பரிசல்காரர் எப்படியோ, அப்படித்தான் குன்றுக்கு வழிகாட்டி. அவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். எந்த மேடு மழையில் வழுக்கும், எந்த ஓடையில் மணல் புதையும், எந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்து இருக்க வேண்டும். முதலுதவி கற்று இருக்க வேண்டும். 'இன்று மழை, வண்டி ஓடாது' என்று சொல்லும் தைரியமும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும்.

இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகமும், சாகசச் சுற்றுலா நடத்துவோர் சங்கமும் 2018-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. இந்த வண்டிச் சுற்றுலாவுக்கும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் நெறி வேறு, சட்டம் வேறு. காகிதத்தில் உள்ள நெறியைக் களத்துக்குக் கொண்டு வர, உள்ளூரில் கேட்க ஆள் வேண்டும்.

வரப்பு யாருடையது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வண்டியில் போகிறவருக்கு அது ஒரு மணி நேர இன்பம். நிலத்துக்காரருக்கு அது வாழ்க்கை.

மானாவாரி நிலத்தில் வரப்புதான் அணை. பெய்கிற மழையைப் பிடித்து நிறுத்துவது அதுதான். கொரகொரப்பான டயர் பத்துத் தடவை ஏறி இறங்கினால் வரப்பு உடையும். அடுத்த மழையில் தண்ணீர் நிற்காது. மேல் மண்ணையும் அள்ளிக் கொண்டு ஓடி விடும். ஒரு மழை போனால் ஒரு போகமே போய் விடும் பூமி இது.

எஞ்சின் சத்தம் கேட்டால் ஆடு மாடு மிரளும். புழுதி பறந்து, காய வைத்த கேழ்வரகில் விழும்.

'ஊர் வண்டிப்பாதையில் ஓட்டினால் என்ன?' என்று கேட்கலாம். அங்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. மக்கள் உரிமையோடு நடமாடும் வழி எல்லாம், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பொது இடம்தான். அங்கு ஓடும் மோட்டார் வண்டிக்குப் பதிவு வேண்டும். ஓட்டுபவருக்கு லைசென்சு வேண்டும். வாடகைக்கு விடும் குவாட் பைக்குகளில் பெரும்பாலானவை சாலைக்குப் பதிவு ஆகாதவை.

காட்டுக்குள் போகலாமா? கூடவே கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் யானைகள் நடமாடும் காடுகள் இருக்கின்றன. அங்கு 686 சதுர கிலோ மீட்டர் காட்டை, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயம் அல்லாத காப்புக் காடுகளுக்கும் வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு.

அப்படியானால் வண்டி எங்கேதான் ஓடும்?

பட்டா நிலத்தில் ஓடட்டும். பயிர் இல்லாத கரட்டு நிலம் இருக்கிறது. மாந்தோப்பின் ஓரம் இருக்கிறது. அந்த நிலத்துக்காரரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, வாடகை கொடுத்து, பாதை குறித்து, அந்தப் பாதையில் மட்டும் ஓடட்டும். சும்மா கிடக்கும் நிலம் விவசாயிக்கு நாலு காசு தரும். வரப்பும் பிழைக்கும். ஊரில் சண்டையும் வராது.

பணம் ஊரில் தங்க வேண்டும்

பட்டணத்தில் இருந்து முதலாளி வருவார். வண்டி கொண்டு வருவார். ஆளும் கொண்டு வருவார். பணத்தையும் கொண்டு போய் விடுவார். ஊருக்குப் புழுதி மட்டும் மிஞ்சும்!

இப்படி ஆகக் கூடாது.

மகளிர் சுய உதவிக் குழு என்ற திட்டம் தமிழ்நாட்டில் முதன் முதலாகத் தொடங்கிய இடமே தர்மபுரி மாவட்டம்தான். அனைத்துலக வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தொடங்கியது. அந்தக் குழுக்கள் பயணிகளுக்குச் சோறு போடலாம். சூடான கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், சாமைச் சோறு, மாவடு இவற்றை ருசி பார்க்கப் பட்டணத்துக்காரர்கள் காத்து இருக்கிறார்கள்.

வேலை தேடி ரயில் ஏறுகிற இளைஞருக்கு, உள்ளூரிலேயே வழிகாட்டி வேலையும் மெக்கானிக் வேலையும் கிடைக்கும். வண்டிச் சுற்றுலாவினால் ஊருக்கு வரக்கூடிய உண்மையான லாபம் இதுதான். இது கிடைக்காவிட்டால், அந்தச் சுற்றுலாவினால் ஊருக்கு என்ன பயன்?

ஏறுவதற்கு முன் கேளுங்கள்

எங்கே போனாலும் சரி, இந்த வண்டியில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியது இல்லை.

1. எல்லோருக்கும் அளவான தலைக்கவசம் உண்டா? தாடைப் பட்டை சரியாக மாட்டுகிறதா?

2. கிளம்புவதற்கு முன் சமதளத்தில் ஓட்டக் கற்றுத் தருவார்களா?

3. வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தி வைத்து இருக்கிறார்களா? பல வண்டிகளில் அதற்கென்று ஒரு திருகாணியே இருக்கிறது. புதியவர் எவ்வளவு அழுத்தினாலும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகாமல் அது தடுக்கும்.

4. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி உண்டா?

5. விபத்து நேர்ந்தால் இன்சூரன்சு உண்டா? 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய பாதை பக்கத்தில் இருக்கிறதா?

இந்த ஐந்தில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், ஏற வேண்டாம். பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றாலும் பரவாயில்லை. பணம் மறுபடியும் வரும்.

வேட்டி, சேலைத் தலைப்பு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் ஆளையே இழுத்து விடும். குடித்தவர் வண்டியைத் தொடவே கூடாது. குழந்தை அழுதால் அழட்டும். ஒரு நாள் அழுகை நல்லது.

கடிவாளம் முதலில்

ஊராட்சிகளும், வருவாய்த் துறையும், வனத்துறையும், சுற்றுலாத் துறையும், போலீசாரும் இதைப் பற்றி முன்கூட்டியே ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். எந்தப் பாதை, எத்தனை வண்டி, எந்த வயது, எந்த மாதத்தில் நிறுத்துவது, வாடகை எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். அந்தப் பலகையை எல்லோரும் படிக்கும்படி தமிழில் பெரிய எழுத்தில் மாட்ட வேண்டும்.

ஒரு குழந்தை இறந்த பிறகு விதி எழுதுவது சுலபம். எல்லா ஊர்களிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த விதி அந்தக் குழந்தைக்கு உதவாது.

பஞ்சத்தில் மக்கள் மடிந்து விடக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்து ரயில் போட்ட ஊர் மொரப்பூர். இன்பத்தைத் தேடி வருகிறவர்கள் மடிந்து விடக் கூடாது என்றும் அது முன்கூட்டியே யோசிக்கலாம்.

புதிய குதிரை வரட்டும். உள்ளூர் இளைஞர் அதை நடத்தட்டும். பட்டணத்துக் குடும்பம் சிரித்துக் கொண்டு ஊர் திரும்பட்டும். விவசாயியின் வரப்பு அப்படியே இருக்கட்டும்.

ஆனால் குதிரைக்கு முன்னால் கடிவாளம் வந்து சேர வேண்டும்!